மகளிர் வாணிகமும் தொழிலுறவும்

வாணிகம் செய்வார்க்கு வேண்டுவன யாவை என வினவினால், முதல் வேண்டும், சரக்கு வேண்டும், கைத்திறன் வேண்டும் என்று எவரும் எளிதில் விடை கூறுவர். இம்மூன்றும் கண்ணுக்குப் புலப்படுவன. முதலை எண்ணிப் பார்க்கலாம். சரக்கை நிறுத்துப் பார்க்கலாம். திறனைச் செய்பொருளிலே காணலாம். இவற்றுடன் நான்காவதாக ஒன்றும் உண்டு. அது பெட்டியில் வைத்துப் பூட்டத்தக்கதன்று. தராசில் இட்டு நிறுக்கத்தக்கதும் அன்று. எவ்வூரில் எப்பொருள் விலைபோகின்றது, எவர் நாணயமுடையவர், எவர் காலத்தில் கடன் கொடுத்துதவுவார், எந்த அலுவலகத்தில் யாரைக் கண்டால் தடை நீங்கும் என்னும் செய்திகளை ஒருவர்க்கொருவர் உரைத்தும், ஒருவர்க்கொருவர் பிணை நின்றும் உதவும் மக்கள் தொடர்பே அந்த நான்காவது பொருள். அதனைத் தொழிலுறவு என்று ஈண்டு வழங்குவோம். மகளிர் தொழிற்றுறையில் முன்னேற வேண்டுமாயின், அவர்க்கு முதலும் பயிற்சியும் அளித்தல் மட்டும் போதாது. தொழிலுறவை அவர்கள் தாமே முயன்று அமைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தமிழர் இவ்வுண்மையைப் பண்டே உணர்ந்திருந்தனர். கடற்கரையில் விளைந்த உப்பை உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணர் தனித்துச் சென்றாரல்லர். வண்டிகளை வரிசையாக ஓட்டி, ஒரு வண்டியின் அச்சு முறிந்தால் மற்றையோர் நின்று உதவக் கூட்டமாகவே சென்றனர். வழிச்செல்லும் வணிகர் கூட்டத்திற்குச் 'சாத்து' என்று பெயரிட்டனர் முன்னோர். பிற்காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுவினர் கடல் கடந்தும் தம் உறவைப் பரப்பினர். சுமத்திரா தீவில் பாருஸ் என்னும் ஊரின் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் அங்கு வாணிகம் நடத்தியதற்குச் சான்றாய் விளங்குகின்றது. தென்பாண்டி நாட்டு நாடார் பெருமக்கள் தம் வாணிகத்தில் ஒரு சிறு கூற்றை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுநிதி திரட்டினர், பள்ளி கண்டனர், 1921ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் ஒரு வங்கியையும் நிறுவினர். இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என வழங்குவது அதுவே. தனி வணிகர் ஒருவரால் ஆகாத செயல், பல வணிகர் கூடிய கூட்டத்தால் ஆயிற்று.

இனி, மகளிர் நிலையைச் சிறிது நோக்குவோம். பெண்கள் வாணிகத்திற்குப் புதியவர் அல்லர். உமணப் பெண்டிர் தெருவில் நின்று உப்புக்கு நெல் மாற்றிய செய்தியைச் சங்கச் செய்யுட்களிற் காண்கின்றோம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்ச்சி மோர் விற்றுச் சுற்றத்தை உண்பிக்கின்றாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் கன்றையும் கொள்கின்றாள். வந்த ஊதியத்தை மீண்டும் தொழிலிலேயே இட்டுப் பெருக்கும் வாணிக நுட்பம் அவளிடம் இருந்தது. ஆயினும், ஐந்நூற்றுவர் போன்ற பெருங்குழுக்கள் பெரும்பாலும் ஆடவர் அமைத்து ஆடவர் நடத்தியவையே. மோர்ப்பானை பெண்ணின் தலைமேல் இருந்தது. வணிகர் அவையோ ஆடவர் கையில் இருந்தது. இப்பிரிவினை இன்றும் முற்றும் நீங்கிவிடவில்லை.

எங்கள் வேப்பூரையே சான்றாகக் கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருமுதுகுன்றம் எனப் பழம்பெயர் பெற்ற விருத்தாசலத்திற்கு மேற்கே அமைந்தது இவ்வூர். வெள்ளிக்கிழமைதோறும் இங்குக் கூடும் ஆட்டுச்சந்தை பல மாவட்டத்தார்க்கும் தெரிந்தது. விடியுமுன்னே வண்டிகள் வந்து நிற்கும். பொழுது ஏறுமுன் ஆடுகள் கைமாறிவிடும். இச்சந்தைக்கு வரும் ஆடுகளை வளர்த்தவர் யாவர்? குட்டி ஈன்ற நாள்முதல் தழை ஒடித்துப் போட்டு, நோய்க்கு மருந்து கொடுத்து, மழையில் நனையாமல் வீட்டுத் திண்ணையிற் கட்டிக் காத்தவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஆனால், சந்தையில் விலை பேசுவோர் ஆடவர். மாட்டுச்சந்தை ஆட்டுச்சந்தைகளில் பண்டுதொட்டு ஒரு வழக்கம் உண்டு. தரகரும் வாங்குவோரும் தம் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பிடித்து விலையை உணர்த்துவர். அருகில் நிற்பவர்க்கும் அது தெரியாது. அத் துண்டின் உள்ளே கை நுழைத்தவர்க்கே விலை தெரியும். வளர்த்தவளின் கை அத்துண்டிற்கு வெளியே நின்றுவிடுகின்றது.

இத் துண்டு ஆட்டுச்சந்தையில் மட்டும் இருப்பதாக எண்ணுதல் கூடாது. எல்லாத் தொழில்களிலும் கண்ணுக்குத் தெரியாத துண்டு ஒன்று விரிந்து கிடக்கின்றது. ஆடவர் தேநீர்க்கடையில் அமர்ந்து பேசுவர். பேருந்து நிலையத்திற் கூடுவர். இரவு நெடுநேரம் கடை வாயிலில் நின்று உரையாடுவர். அவ்வுரையாடல்கள் வீண் பேச்சுப்போலத் தோன்றினும், அவற்றிலேதான் விலைச்செய்தியும், புதிய வாடிக்கையாளரின் பெயரும், ஒப்பந்த அறிவிப்பும் கைமாறுகின்றன. பெண்ணோ தொழில் முடிந்தவுடன் அடுப்பங்கரைக்கு விரைகின்றாள். ஆடவர்க்கு ஊர்த்தெரு தானாகவே தரும் தொழிலுறவு, பெண்ணுக்குத் தானாக வருவதில்லை. ஆதலின், அதனை அவள் முயன்று தேடல் வேண்டியதாயிற்று.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் இதனையே காட்டுகின்றது. அந்நகரில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசினர் பயிலகமும் உள்ளன. பொம்மைகள், அகல்விளக்குகள், மின்சாரப் பொருத்திகளுக்குரிய பீங்கான் உறுப்புகள் முதலியன அங்கு உருவாகின்றன. களிமண்ணைக் குழம்பாக்கிப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுதல், இறுகியதனை உடையாமல் எடுத்தல், பிசிறு நீக்கித் தேய்த்தல், வண்ணந் தீட்டுதல், மெருகுக் குழம்பில் தோய்த்தல் எனப் பல படிகள் உள்ள தொழில் இது. அச்சிலிருந்து ஈரப் பொம்மையை எடுக்கும்போது விரல் சற்றே அழுந்தினால் உருவம் கெடும். சற்றே தளர்ந்தால் பொம்மை உடையும். இத்தகைய நுண்பணிகளில் மகளிர் பலர் ஈடுபட்டு வருகின்றனர். திறனுக்கு அவர்களிடம் குறைவில்லை. ஆயினும், பொம்மை செய்யும் பெண் பொம்மைத் தொழிலகத்தின் தலைவியாதல் அரிது. அவள் தீட்டிய பொம்மை எந்நகரத்துக் கடையில் என்ன விலைக்கு விற்கின்றது, வண்ணம் எங்கே மலிவாகக் கிடைக்கும், சூளையில் இடம் பெறுவது எவ்வாறு என்பன அவள் காதுக்கு எட்டுவதில்லை. பண்ணுருட்டி வட்டாரத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் நிலையும் இதுவே. பருப்பு கடல் கடந்து செல்லும். உடைத்த கை கூலியோடு நின்றுவிடும்.

ஆந்திர நாட்டில் நரசாபுரம் என்னும் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பின்னல் வேலை செய்து வந்த மகளிரைப் பற்றி, ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் என்பார் ஆராய்ந்து 1982ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அம்மகளிர் பின்னிய பொருள்கள் அயல்நாடுகளில் விலைபோயின. ஆனால், அவர்களை ஊரார் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டில் ஓய்வுநேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசியர் என்றே எண்ணினர். அவர்களும் தம்மை அவ்வாறே எண்ணியிருந்தனர். தனித்தனி வீட்டில் தனித்தனியே இருந்து உழைப்பவர்க்குத் தம் உழைப்பின் பெயரும் தெரியாது, விலையும் தெரியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேறு வேண்டுமோ?

செய்திக் குறைவு ஒருபுறமிருக்க, பிணைக் குறைவு மற்றொருபுறம் மகளிரை வருத்திற்று. கடன் கொடுப்போர் நிலமோ வீடோ ஈடாகக் கேட்பர். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமை உண்டு எனத் தமிழ்நாட்டில் சட்டம் இயன்றது 1989ஆம் ஆண்டில். இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை 2005ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன்னர்ப் பெண்ணுக்கு ஈடு காட்டச் சொத்து ஏது? இக்குறை நம் நாட்டிற்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. செல்வம் மிக்க அமெரிக்க நாட்டிலும், ஒரு பெண் தொழிலுக்குக் கடன் பெறவேண்டின் ஆடவர் உறவினர் ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்னும் விதி சில மாநிலங்களில் இருந்தது. அங்குத் தொழில் நடத்திய மகளிர் சிலர் 1975ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் ஒரு சங்கம் கண்டனர். தொழில் தலைவியர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதற்குத் தொடங்கப்பெற்ற அச்சங்கம் நாளடைவில் சட்டமன்றத்தின் கதவையும் தட்டிற்று. 1988ஆம் ஆண்டில் இயன்ற புதிய சட்டம் அக்கையொப்ப விதியை நீக்கிற்று. ஒருத்தி தனியே முறையிட்டிருப்பின் அது புலம்பலாய் முடிந்திருக்கும். பலர் கூடி முறையிட்டமையால் சட்டமாயிற்று.

நம் தமிழகத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அது சென்னையில் 1978ஆம் ஆண்டில் சயா அருணாசலம் அம்மையார் தோற்றுவித்த உழைக்கும் மகளிர் சங்கமாகும். அம்மையார் அரசியலில் ஈடுபட்டிருந்தவர். சென்னைச் சேரிகளில் வாழ்ந்த பூக்காரியர், காய்கறி விற்போர், இட்டலி சுட்டு விற்போர் முதலிய ஏழை மகளிரோடு பழகியபோது, அவர்கள் தம்மிடம் வேண்டுவது உணவுப்பொதியன்று, தொழிலுக்குரிய கைம்முதல் என்பதை அவர் உணர்ந்தார். அம்மகளிர் அந்நாளில் வட்டிக்காரரையே நம்பி வாழ்ந்தனர். காலையில் தொண்ணூறு ரூபாய் பெற்று மாலையில் நூறாகத் திருப்பும் கொடிய வழக்கம் சந்தைத் தெருக்களில் நிலவியது. பகல் முழுதும் வெயிலில் நின்று விற்ற ஊதியம் மாலையில் வட்டிக்காரர் மடியிற் சென்று விழுந்தது.

ஏழைகட்கு நூற்றுக்கு நான்கு ரூபாய் ஆண்டு வட்டியில் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்றை நாட்டுடைமை வங்கிகள் 1972ஆம் ஆண்டு முதலே நடத்தி வந்தன. ஆயினும், எழுதப் படிக்க அறியாத பூக்காரி வங்கியின் படி ஏறுவது எங்ஙனம்? ஏறினும், அவளுக்குப் பிணை நிற்பார் யார்? சங்கம் இவ்விடத்தில்தான் தன் வேலையைத் தொடங்கிற்று. ஒரே தெருவில் வாழும் பத்து முதல் இருபது பெண்கள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்தனர். தமக்குள் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்தனர். ஒருத்தி கடன் பெற்றால் மற்றையோர் அனைவரும் அதற்குப் பிணை நின்றனர். வீடும் நிலமும் இல்லாதவர்க்கு அண்டை வீட்டாரின் நம்பிக்கையே ஈடாயிற்று. யார் உழைப்பாளி, யார் சொன்ன சொல் தவறாதவர், யார் வீட்டில் நோயாளி உளர் என்பதை வங்கி அலுவலர் அறியார். அடுத்த வீட்டுப் பெண் அறிவாள். அவ்வறிவையே சங்கம் முதலாக மாற்றிற்று.

வங்கிகளில் நேர்ந்த காலத்தாழ்வும், அங்கு ஏழைப் பெண்கள் உற்ற இடர்ப்பாடும் அவர்களைச் சோர்வுறச் செய்யவில்லை. 1981ஆம் ஆண்டில் தமக்கென ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தையே அவர்கள் அமைத்துக்கொண்டனர். திண்டுக்கல்லில் பால் விற்கும் மகளிர், அதிராம்பட்டினத்தில் மீன் விற்கும் மகளிர், முன்னர்க் கூறிய நரசாபுரத்துப் பின்னல் மகளிர் எனச் சங்கம் கிளைத்துப் பரவியது. கடன் வாங்க வந்த பூக்காரி குழுத் தலைவியானாள். குழுத் தலைவி பல குழுக்களைக் கண்காணிக்கும் அமைப்பாளரானாள். ஒருத்தி கற்றதனை மற்றொருத்திக்கு உரைக்கும் வழி திறந்தது. சாதி வேறுபாட்டையும் வரதட்சிணையையும் எதிர்த்தும் சங்கம் குரல் கொடுத்தது. அம்மையார்க்கு இந்திய அரசு 1987ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது அளித்துச் சிறப்பித்தது. அவர் 2019ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிற மாநிலங்களிலும் இத்தகைய முயற்சிகள் தழைத்தன. அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972ஆம் ஆண்டில் சுயதொழில் மகளிர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இரண்டாண்டுகளின் பின்னர், 1974இல், நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் இட்டுத் தமக்கென ஒரு வங்கியை நிறுவினர். அப்பெண்களுள் மிகப் பலர் கையெழுத்திடவும் அறியாதவர். மும்பையிலோ, 1959ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாளில், ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் பெற்று மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். 'லிச்சத்து' என்னும் பெயரால் அவ்வப்பளம் நாடெங்கும் பரவி, பல்லாயிரம் பெண்களைப் பங்காளிகளாகக் கொண்டு இன்றும் விளங்குகின்றது. அப்பளம் இடுதல் நம் வீட்டுப் பெண்களும் அறிந்த தொழிலே. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே இட்ட அப்பளம் அவ்வீட்டுப் பரணோடு நின்றது. எழுவர் கூடி இட்ட அப்பளம் நாட்டைச் சுற்றி வந்தது.

இவற்றைக் கேட்போர், "நம் ஊர்தோறும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் உள்ளனவே, இனி வேண்டுவது யாது?" என வினவலாம். வினா தக்கதே. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983ஆம் ஆண்டில் தோன்றியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழு முறை, பின்னர்ப் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. இக்குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் பணியைத் தேசிய வேளாண் ஊரக வளர்ச்சி வங்கி 1992ஆம் ஆண்டில் மேற்கொண்டது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. வீட்டு வாயிலைத் தாண்டாத பெண் வங்கிக்குச் சென்று மேலாளரோடு நேர்நின்று பேசுகின்றாள், கணக்கு எழுதுகின்றாள், கூட்டத்தில் தன் கருத்தை உரைக்கின்றாள்.

ஆயினும், சேமிப்புக் குழு வேறு, தொழிலுறவு வேறு. குழு கடன் வாங்கித் தரும். சரக்கு விற்றுத் தருமோ? ஒரே தெருவில் பன்னிரு பெண்கள் கடன் பெற்று, பன்னிருவரும் ஆடு வாங்கி, பன்னிருவரும் அதே சந்தையில் அதே தரகரிடம் தனித்தனியே விற்பாராயின், அவர்கள் கடனாற் கூடினரேயன்றித் தொழிலாற் கூடினாரல்லர். சேமிப்புக் குழு விதை, தொழிலுறவு மரம். விதை ஊன்றிய அளவில் மனநிறைவு கொள்வார்க்கு நிழல் கிட்டாது.

தொழிலுறவு எனத் தகுவது நான்கு செயல்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, செய்தி உரைத்தல். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போயிற்று என்பதை அன்றே அடுத்த ஊர்ப் பெண்களுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால், துண்டின் மறைவு ஒருவாறு நீங்கும். இரண்டாவது, கூடி வாங்குதலும் கூடி விற்றலும். பீங்கான் பொம்மை செய்யும் பெண்கள் இருபதின்மர் சேர்ந்தால் வண்ணத்தையும் களிமண்ணையும் மொத்தமாக வாங்கலாம். கார்த்திகைத் திருநாளுக்கு முன் வரும் பெரிய அகல்விளக்கு ஆணையைத் தமக்குள் பங்கிட்டு முடிக்கலாம். சூளை வைக்கும் ஆற்றல் ஒருத்திக்கு இல்லை. ஒரு பொதுச்சூளையில் முறைவைத்து இடம் பெறும் ஆற்றல் இருபதின்மர்க்கு உண்டு. மூன்றாவது, பிணையும் சான்றும் நிற்றல். "இவள் சொன்ன நாளில் சரக்குத் தருவாள்" என்று மூத்த வணிகப் பெண் ஒருத்தி கூறும் சொல், புதியவளுக்கு எந்த விளம்பரத்தினும் மேலானது. நான்காவது, வழிகாட்டல். வரிப்பதிவு செய்வது எப்படி, ஏமாற்றும் வாடிக்கையாளரை அறிவது எப்படி, நட்டம் வந்தால் தாங்குவது எப்படி என்பனவற்றைப் பட்டவர் சொல்லக் கேட்பதே பயன் தரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இதற்கு மறுப்பாக இருவகைக் கூற்றுகள் எழுவதுண்டு. சரக்கு நன்றாயின் அது தானே விலைபோகும். உறவு எதற்கு என்பர் ஒருசாரார். சரக்கின் நன்மை இன்றியமையாததே. ஆனால், காட்டில் மலர்ந்த முல்லையின் மணத்தைக் காற்றன்றோ ஊருக்குக் கொண்டு வருகின்றது? காற்று வீசாத இடத்தில் மலர் மணமற்றதாகிவிடவில்லை. மணம் அறியப்படாமற் போகின்றது. விருத்தாசலத்துப் பெண்களின் கைத்திறன் அத்தகையது. மகளிர்க்கெனத் தனிச்சங்கம் அமைப்பது அவர்களை ஒதுக்கி வைப்பதாகாதோ. ஆடவர் சங்கங்களிலேயே சேரலாகாதோ என்பர் மற்றொருசாரார். சேர்தல் வேண்டும், ஐயமில்லை. ஆயினும், உழவர் நெல்லை நேரே வயலில் விதைத்தலும் உண்டு, நாற்றங்காலில் வளர்த்துப் பின் நடுதலும் உண்டு. களை மிகுந்த வயலுக்கு நாற்று நடுதலே சிறந்தது. மகளிர் சங்கம் நாற்றங்கால் போன்றது. அங்கு வேர் வலுத்தவர் வணிகர் சங்கம், தொழிற்பேட்டைச் சங்கம் முதலிய பொதுவயலில் சென்று ஊன்றுதல் வேண்டும். நாற்றங்காலிலேயே நெல் முற்ற வேண்டும் என்று எவரும் கூறார். அவ்வாறே, நாற்றை ஏற்க மறுக்கும் வயலும் வயலன்று. பொதுச்சங்கங்கள் தம் கூட்டங்களை மகளிர் வரத்தக்க நேரத்திலும் இடத்திலும் நடத்துதல் கடமையாகும்.

உறவு என்ற பெயரால் வருவன யாவும் நல்லுறவு என மயங்குதலும் தகாது. திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு அமையாமல், நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் வகுத்ததன் கருத்து இதுவே. குழுவாய்ச் சேர்ந்த பெண்களுக்குக் கடனை மேன்மேலும் திணித்து, ஒருத்தி தவணை தவறினால் மற்றவரைக் கொண்டே அவளை நெருக்கும் வழக்கம் சில இடங்களில் வளர்ந்தது. ஆந்திரப்பிரதேசத்தில் இந்நெருக்கடி முற்றி, 2010ஆம் ஆண்டில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அத்தகைய கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. கைகோத்து நடக்க அமைந்த கயிறே கழுத்தைச் சுற்றும் கயிறாகலாம் என்பதை இது காட்டிற்று. பிணை நிற்றல் தாங்குதற்கேயன்றித் தாக்குதற்கன்று.

வேறொரு குறையும் உண்டு. பழைய வணிகக் கூட்டங்கள் பல சாதியையும் குலத்தையும் வேலியாகக் கொண்டவை. உள்ளிருந்தார்க்கு அவை நிழலாயின, வெளியிருந்தார்க்குச் சுவராயின. மகளிர் தொழிலுறவும் அதே சுவரை எழுப்புமாயின், துண்டை நீக்கி வேறொரு துண்டை விரித்ததாகவே முடியும். தெருவின் ஒரு கோடியிலுள்ள பெண்ணுக்குத் தெரிந்த விலை மறுகோடியிலுள்ள பெண்ணுக்கும் தெரிதல் வேண்டும். தலைமையும் ஒருத்தியிடமே தேங்காமல் முறைமாறி வருதல் வேண்டும். கணக்கு எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்படுதல் வேண்டும். இம்மூன்றும் உள்ள கூட்டமே நீடித்து நிற்கும்.

பெண் பொருளீட்டுதல் அவள் குடும்பத்திற்கு மட்டும் நன்மையன்று. தன் கையில் வருவாயுள்ள தாய் மகளைப் பள்ளியினின்றும் நிறுத்த எளிதில் உடன்படாள். தன் பெயரில் கடையுள்ளவளின் சொல் வீட்டிலும் ஊரிலும் மதிப்புப் பெறுகின்றது. அவள் தொழில் வளர்ந்தால், அயலார் இருவர்க்கு அவளே வேலை தருகின்றாள். இவ்வளவும் விளைய வேண்டுமாயின், பெண்ணை முதலோடு மட்டும் சந்தைக்கு அனுப்பலாகாது. துணையோடும் அனுப்ப வேண்டும்.

மாணவ மாணவியரே! உங்கள் இல்லத்திலும் தெருவிலும் தொழில் செய்யும் பெண்கள் பலர் இருப்பர். அவர்களிடம் சென்று, "நீங்கள் செய்த பொருள் கடைசியில் எங்கே, என்ன விலைக்கு விற்கின்றது?" என்று வினவிப் பாருங்கள். விடை தெரியாதவர் பலராயிருப்பர். கணக்கும் எழுத்தும் தொலைபேசியும் அறிந்த நீங்கள் அவ்விடையை அறிந்துவந்து அவர்களுக்குச் சொல்லலாம். அவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசவும் துணை நிற்கலாம். கல்வியின் பயன் அதுவன்றோ? விலை அறிந்த பெண்கள் பலர் ஓரிடத்தில் கூடுவாராயின், சந்தையில் விரிந்த துண்டு தானே விலகும்.